புரித்துவக்கும் மரத்தாங்கியும்

துவக்கின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அது சுட்ட போர்களையே எழுதினர். சுட்டபின் அதனைக் கழுவித் துடைத்த வேலை அவர்தம் நூல்களில் ஓரிரு வரிக்கு மேல் இடம்பெறவில்லை. ஆயினும், குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு இடித்து நிரப்பிய காலத்துத் துவக்கை உற்றுநோக்கின், அதன் அமைப்பில் நிகழ்ந்த மாற்றங்களுட் பல குழலினுட் படியும் கசட்டை வெல்லுதற்பொருட்டே நிகழ்ந்தன என்பது புலனாகும். அம்முயற்சி ஒரு பக்கத்திற் பேரரசொன்றையே அசைத்த கலகத்திற்கு வழிவகுத்தது. மற்றொரு பக்கத்தில், இரண்டு கவர்களும் ஒரு பலகையும் கொண்டு ஒருவன் தன் வீட்டு முற்றத்திற் செய்துகொள்ளும் எளிய மரத்தாங்கியாக முடிந்தது.

இவ்வகைத் துவக்கை ஈழத்து வன்னிப் பகுதியார் 'இடியன்' என வழங்குவர். ஆங்கிலப் பெயர் மருந்து புகும் வாயைச் சுட்ட, தமிழ்ப் பெயர் மருந்தை இடிக்குந் தொழிலைச் சுட்டி நிற்கின்றது. துவக்கைக் கையாண்டவனுக்குத் தோன்றிய பெயர் இதுவெனலாம். ஏனெனின் அவனுக்கு இருந்த தொல்லையெல்லாம் அந்த இடித்தலிலேதான் இருந்தது.

கசட்டின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். பழைய வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றன் கலவை. ஆங்கிலப் படைக்கு அது 75, 15, 10 என்னும் விகிதத்தில் ஆக்கப்பட்டது. இம்மருந்து எரிந்ததும் முழுவதும் வாயுவாகிவிடுவதில்லை. அன்ட்றூ நோபிள், பிரெடெறிக் ஏபெல் என்னும் இருவர் 1875 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, நூறு பங்கு மருந்தில் ஏறத்தாழ 43 பங்கே வாயுவாகின்றது. எஞ்சிய 57 பங்கும் திண்மப் பொருளாகின்றது. அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். மற்றையது குழலின் உட்சுவரிலே கருஞ்சேறு போலப் படியும். பொற்றாசியங் காபனேற்று, பொற்றாசியஞ் சல்பேற்று, பொற்றாசியஞ் சல்பைட்டு ஆகிய உப்புக்கள் அதன் பெரும்பகுதியாம். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. சுட்ட துவக்கை ஓரிரவு துடையாது வைப்பின், குழலினுள்ளே ஈரமான உப்புப் பூச்சொன்றைத் தடவி வைத்தது போலாகும். இரும்பு துருப்பிடித்தற்கு வேறென்ன வேண்டும்?

இவ்வுப்புக்கள் எண்ணெயிற் கரைவன அல்ல, நீரிற் கரைவன. ஆதலின் இரும்புக்குப் பகையாகிய நீரே இத்துவக்கைக் காக்கும் முதன்மருந்தாகவும் அமைந்தது. வெந்நீராயிற் குழலுஞ் சூடேறி விரைவில் உலரும். நீர் பட்டதும் எழும் அழுகிய முட்டையின் மணம் சல்பைட்டு உப்பினின்று பிறக்கும் ஐதரசன் சல்பைட்டின் மணமாகும். கழுவாது எண்ணெயை மட்டும் பூசியவன் உப்பை எண்ணெயின் கீழே பூட்டி வைத்தவனாவான்.

வழுவழுப்பான குழலுடைய பழைய படைத்துவக்குகளில் இக்கசடு பெருந்தடையாக இருக்கவில்லை. ஆங்கிலேயரின் 'பிறவுண் பெஸ்' துவக்கின் குழல் விட்டம் ஓர் அங்குலத்தின் நூற்றில் 75 பங்கு. அதற்கு வார்த்த குண்டின் விட்டமோ 69 பங்கு அளவினது. இவ்விடைவெளியால் இருபது சூடு சுட்ட பின்னரும் குண்டு இறங்கிற்று. ஆனால் தளர்ந்து செல்லுங் குண்டு நேரே செல்லாது. நூறு யாருக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்தல் மருந்தை வீணாக்குதலேயாம்.

குண்டைச் சுழலச் செய்தால் அது நேரே செல்லும் என்னும் உண்மை, 15 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென் ஜேர்மனிய நகரங்களில் வாழ்ந்த கொல்லரின் கைவேலையாற் புலப்பட்டது. அவர்கள் குழலின் உட்புறத்தே திருகாணியின் புரி போன்ற பள்ளங்களை வெட்டினர். முதலில் வெட்டப்பட்டவை நேர்ப்பள்ளங்களே என்றும், கசடு தங்க இடந்தருதலே அவற்றின் நோக்கமென்றும் கருதுவாரும் உளர். அக்கருத்து உண்மையாயின், றைபிள் என்னும் புரித்துவக்கு கசட்டின் குழந்தையே எனல் வேண்டும். எவ்வாறாயினும், புரி வெட்டியபின் கசட்டின் தொல்லை பன்மடங்காயிற்று. புரியைப் பற்றிச் சுழலவேண்டிய குண்டு குழலை இறுகப் பொருந்தல் வேண்டும். அவ்வாறு பொருந்துங் குண்டை, கசடு படிந்த குழலினுள் வாய்வழியாக எங்ஙனம் இறக்குவது?

புரித்துவக்கின் மேன்மையைக் கணித நெறியால் விளக்கிய பெஞ்சமின் றொபின்ஸ் என்பார் 1747 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தில் அது பற்றிய கட்டுரையொன்றைப் படித்தார். இத்துவக்கின் இயல்பை முற்ற உணர்ந்து தன் படைக்கு முதலில் வழங்கும் நாடு ஏனைய நாடுகளை விஞ்சிவிடும் என்பது அவர் முடிபு. கோட்டைகளைச் சீர்செய்தற்பொருட்டுக் கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியியல் தலைவராக அவர் தமிழகம் வந்து, 1751 இல் கடலூரை அடுத்த சென் டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் இறந்தார். அவர் கூறிய மேன்மை பெரும்படைகளுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு கழிந்தது. தடையாக நின்றவற்றுள் முதன்மையானது கசடே.

அத்தடைக்கு முதற்றீர்வு கண்டவர் படைத்தலைவரல்லர். வேட்டுவரும் அவர்க்குத் துவக்குச் செய்த கொல்லருமே. ஜேர்மனியிலும் சுவிற்சலாந்திலுமிருந்து வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் குடியேறிய கொல்லர், 18 ஆம் நூற்றாண்டில் நாலடி வரை நீண்ட எண்கோணக் குழலும், குழல்வாய் வரை ஓடிய மெல்லிய மேப்பிள் மர அடிக்கட்டையும் உடைய நெடுந்துவக்கை ஆக்கினர். அதன் குண்டு குழலினுஞ் சிறிது ஒடுங்கியது. கொழுப்புத் தடவிய துணித்துண்டொன்றிற் பொதிந்து குண்டை இறக்கினால், புரியைத் துணி பற்றும். துணி குண்டைப் பற்றும். இறங்கும்போது அத்துணியே முந்திய சூட்டின் கசட்டையும் ஓரளவு துடைத்துச் செல்லும். நிரப்புதலே துடைத்தலுமாகிய இம்முறை மிக நுண்ணியது. ஆயினும் இது பொறுமையுடையார்க்கே உரியது. வழுவழுப்பான குழலுடைய துவக்கால் நிமிடத்துக்கு மூன்று முறை சுடப் பயின்ற படைஞனுக்கு, ஒரு முறை சுட ஒரு நிமிடம் வேண்டும் கருவி உவப்பானதன்று.

ஆங்கிலப் படை 1800 ஆம் ஆண்டில் எசேக்கியல் பேக்கர் ஆக்கிய புரித்துவக்கைத் தனிப்பிரிவொன்றுக்கு மட்டும் வழங்கியது. குண்டை வாயிற் புகுத்துதற்கென்று தொடக்கத்தில் அதனுடன் சிறு மரச்சுத்தியலும் கொடுக்கப்பட்டது என்பதொன்றே அத்துவக்கை நிரப்பும் பாட்டைக் காட்டும். அடுத்து வந்த பிறன்சுவிக்குத் துவக்கோ, கசடு சிறிது படிந்ததும் நிரப்புதற்கரிதாயிற்று.

பிரான்சியக் கப்பித்தான் மினியே 1849 இல் வேறு வழி கண்டார். குழலினுஞ் சிறுத்த, கூர்ந்த முனையும் குடைந்த அடியும் உடைய ஈயக்குண்டு அவருடையது. கசட்டின் மேலே அது தளர்ந்து இறங்கும். மருந்து வெடிக்க அதன் அடி விரிந்து புரியைக் கவ்வும். ஆங்கிலேயர் இவ்வழியைப் பின்பற்றி 1853 ஆம் ஆண்டின் என்பீல்ட் துவக்கை அமைத்தனர். குழல் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் 577 பங்கு. குண்டு 568 பங்கு. இடைவெளி மிகச் சிறிது. ஆதலின் கசடு இறுகாதிருக்கவும் குண்டு வழுக்கி இறங்கவும், குண்டைப் பொதிந்த கடதாசித் தோட்டாவின் முனைக்குக் கொழுப்பும் மெழுகும் பூசப்பட்டன. தோட்டாவின் மறுமுனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலிற் கொட்டுவது படைப்பயிற்சியின் விதி.

இதன் விளைவை இந்திய வரலாறு அறியும். பூசிய கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்னும் செய்தி 1857 தை மாதத்திற் கல்கத்தாவை அடுத்த டம்டமிற் பரவிற்று. தாமே எண்ணெயும் மெழுகும் பூசிக்கொள்ளலாம் என்றும், பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாம் என்றும் அரசினர் பின்னர் இசைந்தனர், ஐயம் தீர்ந்திலது. பங்குனி 29 இல் பரக்பூரில் மங்கள் பாண்டே துவக்கேந்தினான். சித்திரை 24 இல் மீரத்தில் அணிவகுத்த குதிரைப்படையினர் தொண்ணூற்றுவருள் எண்பத்தைவர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்க்கு நீட்டப்பட்டவை அவர்கள் முன்னர்ப் பயன்படுத்திய பழைய வகைத் தோட்டாக்களே என்பது ஈண்டு நினைத்தற்குரியது. வைகாசி 10 இல் கலகம் மூண்டது. அக்கலகத்திற்கு அயோத்தியை இணைத்தமை, நிலவரி, ஊதியக் குறை எனக் காரணங்கள் பல. கொழுப்பொன்றே காரணமென்பது சிறுபிள்ளை வாதம். ஆயினும் தீப்பொறியாய் விழுந்த அக்கொழுப்பு தோட்டாவில் ஏன் இருந்தது என்னும் வினாவுக்கு விடை ஒன்றே: குழலிற் படியும் கசடு. கலகம் அடங்கியபின் ஆங்கிலேயர் குண்டின் விட்டத்தை 550 பங்காகக் குறைத்தனர் என்பதும் இதற்குச் சான்று.

பிறரும் இப்பகையோடு பொருதனர். அறுகோணக் குழல் கொண்ட விற்வேத்தின் துவக்கு குறிதவறாமையில் என்பீல்டை வென்றும், விரைவிற் கசடேறுவதாலும் விலை மிகுதியாலும் படைக்கு ஏற்கப்பட்டிலது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினரின் தோட்டாக் கட்டுக்களில், வில்லியம்ஸ் என்பார் அமைத்த 'துப்புரவுக் குண்டு'களும் வைக்கப்பட்டன. அடியிலே நாகத்தகடு பொருத்திய இக்குண்டு, சுடும்போது தகடு விரிந்து குழலைச் சுரண்டிக்கொண்டு செல்லும் என்பது எண்ணம். பகைவனைச் சுடுதலும் துவக்கைத் துடைத்தலும் ஒரே செயலாக வேண்டுமென்ற ஆசை எத்துணை வலியது! போர் முடியுமுன்னரே அது கைவிடப்பட்டது. ஈற்றில், 1884 இல் பிரான்சிய வேதியியலறிஞர் பவுல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டபோதே படைகள் இக்கசட்டினின்று விடுதலை பெற்றன. அதற்கு முன்னரே வாய்வழி நிரப்புந் துவக்குகள் படைகளில் மறைந்துவிட்டன.

படைகள் கைவிட்ட துவக்கை மக்கள் முற்றாகக் கைவிடவில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் போட்ஸ்மத்து நகரில் 1931 இல் நிகழ்ந்த குறிசுடும் போட்டியொன்றின் தொடர்ச்சியாக, 1933 இல் வாய்வழிப் புரித்துவக்கினர்க்கென ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. பழைய நெடுந்துவக்குகள் மீண்டும் சுடப்பட்டன. மீண்டும் சுடவே, மீண்டும் கழுவவேண்டியும் வந்தது. படையினர் ஒரு நூற்றாண்டாகக் குண்டை மாற்றித் தப்ப முயன்ற வேலையை, இவர்கள் ஒரு மரத்தாங்கியாற் செய்துகொண்டனர்.

தாங்கி எதற்கு என்பது நெடுந்துவக்கின் கட்டமைப்பை நோக்கின் விளங்கும். 19 ஆம் நூற்றாண்டிற் சென் லூயி நகரத்து ஹோக்கன் உடன்பிறந்தார் ஆக்கிய குறுங்கட்டைத் துவக்குகளில், குழலடி ஒரு கொக்கியாற் கோக்கப்பட்டிருக்கும். ஆப்பைத் தட்டிக் குழலைத் தனியே தூக்கி வெந்நீர் வாளியில் நிறுத்திவிடலாம். பென்சில்வேனிய நெடுந்துவக்கிலோ, குழல்வாய் வரை ஓடும் கட்டையுடன் குழல் சிற்றாணிகளாற் பிணிக்கப்பட்டுள்ளது. சுடுந்தோறும் அவ்வாணிகளைத் தட்டிக் கழற்றினால் துளைகள் அகன்று, மெல்லிய கட்டை பிளக்கும். ஆகவே குழலைக் கட்டையிலிருந்து எடாமலே கழுவல் வேண்டும். கழுவும் நீர் கட்டைக்கும் குழலுக்கும் இடையே புகாமலும் காத்தல் வேண்டும். ஐந்தடி நீளத் துவக்கை ஒரு கையாற் பிடித்து மறுகையால் இடிகோலை இயக்குவோனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே கைகூடா.

இத்தாங்கிக்கு விதித்த அளவு எதுவுமில்லை. துவக்கின் அளவே அளவு. துவக்குக்கேற்ற நீளமும் ஓரடி அகலமும் உள்ள கனத்த பலகை அடித்தளமாகும். அதன்மேல் முப்பது அங்குல இடைவெளியில் இரு நிறுத்துப் பலகைகள் நாட்டப்படும். முன்னது துவக்கின் முன்கட்டையையும் பின்னது பிடங்கையொட்டிய கழுத்தையும் ஏந்தும் கவர்கள். பின்கவர் முன்னதினும் மூன்று நான்கு அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். இவ்வுயர்ச்சியிலேதான் தாங்கியின் முழுப் பயனும் தங்கியுள்ளது: குழல்வாய் தாழ்ந்து நிற்பதனால் கரிய நீர் பின்னோக்கி ஓடாது வாய்வழியே வடியும். குழல்வாய் அடித்தளத்தின் விளிம்புக்கப்பால் நீண்டு நிற்க, கீழே ஒரு சட்டி வைத்தால் முற்றமும் அழுக்காகாது.

இடிகோலைத் தள்ளும் விசையெல்லாம் பிடங்கை நோக்கியே செல்லும். ஆதலின் பின்கவருக்குப் பின்னே, பிடங்கு முட்டி நிற்கும் தடுப்புப்பலகை ஒன்று இன்றியமையாதது. இதனை மறந்து செய்த தாங்கியில் துவக்கு ஒவ்வொரு தள்ளலுக்கும் பின்னே நழுவும். கவர்களை அடித்தளத்தோடு இணைக்குமிடத்துத் துளையும் முளையுமாகப் பொருத்தி மரவாணி அறைதல் நன்று. நீர் படுமிடத்து இரும்பாணி துருவேறித் தளரும். மேலே தலை நீட்டினால் குழலையும் கீறும். மரம் கடினமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. பைன் மரமும் போதும். ஆயின் ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று முறை பூசி ஊறவிடாவிட்டால் வெந்நீர் பட்டுப் பலகை வளையும். கவர்களின் வாயிற் கம்பளித்துணி ஒட்டலாம். தோல் அழகாயிருப்பினும் பதனிட்ட தோலிலுள்ள புளிப்பு இரும்பை அரிக்கும். தோல் ஒட்டியவர் துடைத்து முடிந்ததும் துவக்கை அதிலே கிடத்தி வைத்தலாகாது.

அசையாத துவக்கில் இடிகோல் நேரே செல்லும் என்பது தாங்கியால் வரும் மற்றொரு பயன். இதுவே பெரும்பயன் எனலும் பொருந்தும். புரித்துவக்கின் குறி குழல்வாயின் கடைசி விளிம்பிலே தங்கியிருக்கின்றது. குண்டு விட்டுப் பிரியும் இடம் அதுவாதலின், விளிம்பு ஒரு புறம் தேய்ந்தால் குண்டு அப்புறமாகச் சாயும். சரிந்து புகும் இடிகோல் ஆண்டுக்கணக்கில் உரசி அவ்விளிம்பைத் தேய்த்த துவக்குகள் பல. குறிசுடுவோர் இதனை நன்கறிந்திருந்தனர். 1840 இல் அமெரிக்கரான அல்வன் கிளாக் என்பார், நிரப்பும்போது மட்டும் பொருத்திப் பின் எடுத்துவிடும் 'பொய்வாய்' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி வில்லைகளைத் தம் மைந்தருடன் தேய்த்துப் புகழ்பெற்றவர் இவரே. விளிம்பொன்றின் நுண்மை இவர் கைக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. பொய்வாய் இல்லாதவர், இடிகோல் ஊடு செல்லத்தக்க துளையிட்ட மரக்குமிழ் ஒன்றைக் குழல்வாயிற் செருகிக்கொள்வர். அதனையும் தாங்கியின் எஞ்சிய மரத்துண்டிலே கடைந்துகொள்ளலாம்.

துவக்கைத் தாங்கியில் ஏற்றுமுன் அது வெறிதாயிருத்தலைத் தேர்தல் முதற்கடன். வெறுங்குழலில் இடிகோல் எவ்வளவு இறங்கும் என்பதற்கு அதன்மேல் ஒரு கோடு கீறியிருப்பர். கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் உள. பின்னர்த் தீக்கல் துவக்காயின் சுடுபொறியைக் கழற்றி எடுத்துத் தீத்துளையை இறகுக் காம்பினால் அடைத்து, துவக்கை நிமிர்த்திக் குழலில் வெந்நீர் வார்த்துச் சிறிது நேரம் விட்டு ஊற்றிவிடுவர். நீர் தெளிந்து வரும் வரை இது தொடரும். அதன்பின்னரே தாங்கி. துவக்கைத் தீத்துளையுள்ள பக்கம் கீழே வருமாறு கிடத்துவர். இல்லையெனின் ஈரத்துணியுடன் இடிகோல் இறங்கும் ஒவ்வொரு முறையும் அத்துளையினின்று பீறிடும் அழுக்குநீர் கட்டையை நனைக்கும். ஈரத்துணி, உலர்துணி, மீண்டும் உலர்துணி, பின்னர் எண்ணெய்த்துணி என்பது முறை. குழல் சூடு ஆறுமுன் உலர்துணியை முடித்தல் வேண்டும்.

அன்று வேலை முடிந்தது போலத் தோன்றினும் துவக்கு இரவு முழுவதும் வாய் தாழ்ந்தபடி இருத்தல் நன்று. புரியின் மூலையிலும் குழலடியிலும் ஒளிந்த நீர் மெல்ல இறங்கி வரும். மறுநாட் காலையில் மற்றுமொரு வெள்ளைத்துணி உட்செலுத்தப்படும். அது வெண்மையாகவே திரும்பின் துவக்கு சுவரில் ஏறும். செம்பழுப்பாகத் திரும்பின் அடுப்பில் மீண்டும் நீர் வைக்கப்படும்.